டிகிரி பார்க்காத மோர்

நாச்சம்மாளைக் கெட்டவள் என்று எவனாவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நல்லவள் என்று சொன்னாலும் சும்மா கேட்டுக்கொண்டிருக்க முடிவதில்லை. அவளைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

என் பெரியப்பன் மகன் சென்னியப்பண்ணனின் மனைவி அவள். எங்கள் பக்கத்தில் அண்ணியை நங்கை என்று கூப்பிடுவோம். என்னைவிட இளையவள்தான், ஆனாலும் முறை முறைதானே. மலையாள எல்லைக்குள், முதலமடைக்குக் கிழக்கே, மலை மறைத்து மழையைத் தடுத்துவிடும் மேட்டுக்காட்டில் எங்கள் தோட்டங்கள் அடுத்தடுத்து இருந்தன. நிலக்கடலை, சோளம், கம்பு. கிணற்றில் தண்ணீர் இருக்கிற வருசம் கொஞ்சம் நெல். கறவை மட்டும் எல்லா வீட்டிலும் உண்டு.

நங்கை விடிவதற்குள் சாணி அள்ளிக் கட்டுத்தரையைக் கூட்டிவிடுவாள். பால் கறந்து, முந்தின நாள் தயிரைக் கடைந்து, வெண்ணெயை எடுத்து வைத்துவிட்டு நிமிரும்போது வேப்பமரத்தடியில் வளவுப் பெண்கள் தூக்குப்போசியோடு நிற்பார்கள். ஊருக்கு வெளியே தள்ளி இருக்கும் வளவிலிருந்து எங்கள் காடுகளில் கூலிக்கு வருகிறவர்கள். வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம் வரமாட்டார்கள், வரவிடவும் மாட்டோம். நங்கை சொம்பை உயரத் தூக்கி, போசியில் படாமல் மோரை ஊற்றுவாள். அதையும் தர்மம் என்று சொல்லிக்கொண்டோம், வெட்கங்கெட்ட ஜனங்கள்.

ஆனால் ஒன்று. பாலை விற்போம், நெய்யை விற்போம், வெண்ணெயைச் சந்தைக்குக் கொண்டுபோவோம். மோரை விற்கமாட்டோம். மோருக்கு விலை சொன்னால் மாட்டுக்கு மடி வற்றிப்போகும் என்பார்கள். அதைவிடப் பெரிய பாவம், மோர் கேட்டு வந்தவரிடம் இல்லை என்று சொல்வது. கொஞ்சமாக இருந்தால் தண்ணீரை விட்டுப் பெருக்கு, உப்பைப் போடு, கொடு. ‘இல்லை’ மட்டும் வாயில் வரக்கூடாது. எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்றாலும் நங்கையிடம் அது பிடிவாதமாகவே இருந்தது. வாசலுக்கு வந்த பண்டாரத்திடம் அரிசி இல்லை என்பாள், கடன் கேட்டு வந்த உறம்பரை சொந்தக்காரரிடம் பணம் இல்லை என்பாள். மோருக்கு அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை.

அந்த மோரைக் குடிக்க மட்டும்தான் வாங்கிப்போனார்கள் என்று நினைக்காதீர்கள். கம்மங்கூழைக் கரைப்பது அதில்தான். பல் முளைக்காத பிள்ளைக்குச் சோளச்சோற்றைப் பிசைந்து ஊட்டுவது அதில்தான். வளவில் பசு ஏது, எருமை ஏது? அந்தப் பிள்ளைகளின் எலும்பு எங்கள் வீட்டு மோரில் வளர்ந்தது. இதை நாங்களும் நினைத்துப் பார்த்ததில்லை, எந்த சர்க்காரும் நினைத்துப் பார்த்ததில்லை.

போசியோடு வருகிறவர்களில் ரங்காத்தாள் ஒருத்தி. புருசன் கிணறு வெட்டும்போது மண் சரிந்து செத்தவன். மயிலா என்று ஒரு பெண் பிள்ளை, அப்போது தவழ்ந்துகொண்டிருந்தது. ரங்காத்தாளின் அண்ணன் பெரியமுத்து சூரியநெல்லியில் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் இருந்தான். அங்கே வந்துவிடு, கொழுந்து கிள்ளலாம், வாரம் அரிசி போடுகிறார்கள் என்று ஆள் வரும்போதெல்லாம் சொல்லியனுப்புவான். இவள் போகவில்லை.

“அந்தக் குளுருக்குள்ள இதைக் கொண்டுபோயி என்னங் பண்றது? இங்கத்தான் ஆத்தா மோர் இருக்குதே, எப்பிடியோ வளத்தீருவன்” என்று அவள் நங்கையிடம் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். நங்கைக்கு அன்று முகமெல்லாம் சிரிப்பு.

எழுபத்திரண்டிலோ மூன்றிலோ ஊருக்குப் பால் சங்கம் வந்தது. சென்னியப்பண்ணன் தலைவர். அப்புசாமி என்று படித்த பையன் ஒருவன் செக்ரட்டரி. காலையும் மாலையும் வேன் வந்து கேன்களை ஏற்றிப்போகும். பாலில் கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டு டிகிரி பார்ப்பார்கள். தண்ணீர் கலந்திருந்தால் டிகிரி இறங்கிவிடும், பாலைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சங்கத்துச் சுவரில் ஒரு கரும்பலகை. அன்றன்றைக்கு எத்தனை லிட்டர் என்று அப்புசாமி அதில் எழுதுவான். சாயங்காலமானால் ஊர் ஆம்பிளைகள் எல்லாம் அதன் முன்னால் நின்று பார்ப்போம், நானும்தான். பொய் சொல்லக்கூடாது, பால் காசில் என் கூரைக்கு ஓடு வந்தது. அண்ணன் ரேடியோ வாங்கினார்.

ஆனால் அண்ணனுக்கு ஆசை அதோடு நிற்கவில்லை. ஜில்லாவிலேயே அதிகமாகப் பால் ஊற்றும் சங்கத்துக்கு ஒரு கோப்பை உண்டு. அந்தக் கோப்பை எங்கள் ஊருக்கு வரவேண்டும்.

“தலைவன் ஊட்டுப் பாலே தயிராப் போச்சுன்னா ஊரான் எவன் ஊத்துவான்? ரெண்டு நேரத்துப் பாலும் சங்கத்துக்குப் போகோணும். காப்பிக்கு மட்டும் எடுத்து வையி” என்றார் நங்கையிடம்.

“அப்ப மோருக்கு வாரவங்களுக்கு என்னங் சொல்றது?”

“இல்லைன்னு சொல்லு. வாயில்லையா உனக்கு?”

மற்ற வீடுகளில் சொல்லிவிட்டார்கள். முதலில் கொஞ்சம் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. “பாலை ஊத்தியாச்சு போ” என்று என் வீட்டிலும் சொன்னோம். வேப்பமரத்தடிகள் ஒவ்வொன்றாகக் காலியாகின. நங்கை வீட்டு மரத்தடியில் மட்டும் கூட்டம் நின்றது. காப்பிக்கு வைத்த பாலில் பாதியை அண்ணனுக்குத் தெரியாமல் உறை ஊற்றி, கடைந்து, பெருக்கிப் பெருக்கி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அதற்கடுத்த வருசம் மழை பொய்த்தது. அதற்கும் அடுத்த வருசமும். சோளம் முழங்காலுக்கு வரும் முன்னே கருகியது. கிணறுகளில் பாறை தெரிந்தது. காட்டில் வேலையில்லை, வேலையில்லாமல் கூலி எங்கே? வளவில் அடுப்புப் புகையைப் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது. ஆனால் பால் நின்றால் சங்கம் நின்றுவிடும் என்று மாட்டுக்கு மட்டும் லாரியில் தீவனம் வந்தது. மூட்டை மூட்டையாக வந்தது. மனுசனுக்கு ஒரு படி கம்பு இல்லாத ஊரில் மாடு தின்ற தீவனத்தின் வாசத்தை வளவுப் பிள்ளைகள் நின்று மோந்து பார்த்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

கரும்பலகையில் லிட்டர் ஏறிக்கொண்டே போனது. அட, எப்படி ஏறியது? பஞ்சத்தில் எந்த மாடு கூடுதலாகக் கறக்கும்? ஒரு மாடும் கறக்கவில்லை. வீட்டில் நின்ற பால் வீட்டில் நிற்காமல் போயிற்று. முன்பு தயிரானதும் மோரானதும் பிள்ளை வயிற்றுக்குப் போனதும் எந்தப் பலகையிலும் ஏறாத பால். இப்போது அத்தனையும் பலகைக்கு வந்தது. ஊர் குடிப்பதை நிறுத்தியது, அவ்வளவுதான் முன்னேற்றம்.

பஞ்சம் பார்க்க ஜீப்பில் ஒரு ஓபீசர் வந்தார். ஏழைகளுக்குக் கஞ்சித்தொட்டி எந்தெந்த ஊரில் வைப்பது என்று முடிவு செய்ய வந்தவர். எங்கள் ஊரில் அவரை முதலில் எங்கே கூட்டிப்போனோம் தெரியுமா? சங்கத்துக்கு. அவர் பலகையைப் பார்த்தார். போன வருசம் எவ்வளவு, இந்த வருசம் எவ்வளவு என்று கேட்டார். அப்புசாமி நிமிர்ந்து நின்று சொன்னான்.

“இவிடெ பால் ஒழுகுன்னு. பின்னெ எந்தினா கஞ்ஞி?” என்றார் ஓபீசர். பால் ஓடுகிற ஊருக்குக் கஞ்சி எதற்கு என்று. சென்னியப்பண்ணன் பூரித்துப்போய்ச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். பஞ்சத்தில் கையேந்தாத ஊர் என்ற பெருமை யாருக்கு வேண்டாம்? ஜீப் வளவுப் பக்கம் போகாமலே திரும்பியது. கஞ்சித்தொட்டி பக்கத்துப் பஞ்சாயத்துக்குப் போனது.

ஒரு நாள் காலை உழவுக்கயிறு கேட்க அண்ணன் வீட்டுக்குப் போனேன். நங்கை பின்பக்கம் குனிந்து மோர்ப்பானையில் எதையோ ஊற்றிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். அரிசி கழுவிய தண்ணீர். ஒரு கரண்டி மோர் இருந்த இடத்தில் பானை நிறைய வெள்ளைத் தண்ணீர். மேலே கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டு, உப்பைக் கரைத்துக் கலக்கினாள். பார்த்தால் மோர்தான்.

“என்னங் நங்கை இது?”

திடுக்கிட்டுத் திரும்பினாள். “சத்தம் போடாதீங்க கொழுந்தனாரே. உங்கண்ணன் முந்தாநாளு காப்பிப் பாலையும் பாத்துப்போட்டாங்க. இப்ப அதுவும் போச்சு. பக்கத்துத் தோட்டத்துல ஒரு கரண்டி உறைமோரு வாங்கியாந்து வெச்சிருக்கறன்.”

“இதைக் கொண்டுபோயி அவங்க என்ன பண்ணுவாங்க?”

“வந்து நிக்கறாங்களே! போசியத் தூக்கீட்டு வந்து நிக்கறவகிட்ட இல்லைன்னு எப்பிடிங்க சொல்றது? எனக்கு நாக்கு வரலீங்க.” கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. “ஒரு மழை பேயட்டும். எல்லாஞ் செரியாப் போயிரும். அதுவரைக்கும் வெறும் போசியோட அனுப்ப மாட்டன்.”

நான் உழவுக்கயிற்றை வாங்கிக்கொண்டு போய்விட்டேன். உழுவதற்கு ஈரம்கூட இல்லாத காட்டுக்கு.

சில வாரம் கழித்து ஒரு நாள் வேப்பமரத்தடியில் ரங்காத்தாள் நின்றிருந்தாள். மயிலா இடுப்பில். நங்கை சொம்பை உயர்த்தி ஊற்ற, போசி வழியும் வரை பிடித்துக்கொண்டாள். மற்றப் பெண்களில் சிலர் மோரின் ருசி மாறியதைத் தெரிந்துகொண்டு வருவதை விட்டிருந்தார்கள். ரங்காத்தாளுக்கு எப்படித் தெரியும்? அவள் ஒரு வாய்கூடக் குடிப்பதில்லை, அத்தனையையும் பிள்ளைக்கே கொடுத்துக்கொண்டிருந்தாள். கரைக்கக் கூழும் இல்லை, பிசையச் சோறும் இல்லை. வெறும் மோர்தான் சாப்பாடு. பெரியமுத்து அந்த மாசமும் ஆள் அனுப்பியிருந்தான், பஸ் செலவுக்குக் காசோடு.

“வேண்டாம்னு சொல்லியுட்டனுங் ஆத்தா. ஊரே சோத்துக்குப் பறக்கறப்ப எம் பிள்ளைக்கு நெதமும் ஒரு போசி மோர் கெடைக்குது. இதை உட்டுப்போட்டு நா எங்கீங் போறது?”

நங்கை சொம்பை மறுபடி மோர்ப்பானையில் முக்கினாள். இன்னொரு சொம்பு ஊற்றினாள்.

மாசியில் மயிலாவின் பாதமும் கன்னமும் உப்பின. ரங்காத்தாளுக்குச் சந்தோசம். பிள்ளை சதை போடுகிறது என்று வளவெல்லாம் காட்டினாள். அந்த வீக்கத்தை விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். முடி செம்பட்டையாகி, தொட்டால் கையோடு வந்தது. பங்குனியில் பிள்ளை அழுவதை நிறுத்தியது. அதற்கும் சந்தோசம்தான், பசி இல்லை போல என்று. சித்திரை பிறந்து கொஞ்ச நாளில் வயிற்றால் போய், ஒரே பகலில் செத்துவிட்டது. தண்ணீரில்லாத ஓடைக்கரையில் புதைத்தார்கள்.

கேள்விப்பட்டு நங்கை கட்டுத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் போனபோது சாணிக் கையோடு உட்கார்ந்திருந்தாள். “நா என்னத்தை ஊத்துனன்னு அவளுக்குத் தெரியாதுங்க கொழுந்தனாரே” என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. தெரியாதது நல்லதுதானே என்று அப்போது நினைத்தேன். இப்படி நினைக்கிற புத்தியைத்தான் சாமி எங்களுக்குக் கொடுத்திருந்தது.

வைகாசியில் சேதி வந்தது. கோப்பை எங்கள் சங்கத்துக்கு.

பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டோம். ஒலிபெருக்கி கொல்லங்கோட்டிலிருந்து வந்தது. அதே ஓபீசர்தான் பரிசு கொடுக்க வந்தார். மைதானத்துக்குத் தண்ணீர் தெளிக்கவும் பெஞ்சு தூக்கவும் வளவுக்காரர்களைக் கூப்பிட்டிருந்தோம். வேலை முடிந்தபின் அவர்கள் பந்தலுக்கு வெளியே வெயிலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ரங்காத்தாளும் நின்றாள். அவள் தெளித்த தண்ணீர் என் கால்பக்கத்து மண்ணில் இன்னும் காயவில்லை.

சென்னியப்பண்ணன் கோப்பையை வாங்கித் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். விசில் பறந்தது. அடுத்தது வீட்டுக்கான பரிசு. ஊரில் அதிகமாகப் பால் ஊற்றிய வீட்டுப் பெண்ணுக்கு ஓர் எவர்சில்வர் குடம். நாச்சம்மாள் பெயரைக் கூப்பிட்டார்கள். யாரோ கையைப் பிடித்து மேடையில் ஏற்றிவிட்டார்கள்.

ஓபீசர் மைக்கில் மலையாளத்தில் பேசினார். அப்புசாமி ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னான். நாட்டின் உற்பத்தி, நாட்டின் செழிப்பு, பஞ்சத்திலும் வளர்ந்த ஊர். கடைசியாக நங்கையைக் காட்டி, “ஒரு துள்ளி வெள்ளம் சேர்க்காத்த பால்!” என்றார்.

“ஒரு வருசமா இந்த அம்மா ஊத்துன பால்ல ஒரு நாளும் டிகிரி இறங்குனதில்லை. ஒரு சொட்டுத் தண்ணி கலந்ததில்லை” என்றான் அப்புசாமி. கைதட்டினோம்.

நங்கை குடத்தை வாங்கவில்லை.

“கலந்தனுங்க” என்றாள்.

மைக் பக்கத்தில் இருந்ததால் மைதானம் முழுக்கக் கேட்டது. அண்ணன் முகம் செத்துப்போயிற்று. அப்புசாமி பதறிப்போய், “இல்லீங்க, நாந்தானுங்களே தெனமும் டிகிரி பாக்கறன், ஒரு நாளும்...” என்றான்.

“சங்கத்துப் பால்ல இல்லப்பா. மோர்ல. ரங்காத்தா பிள்ளைக்கு ஊத்துன மோர்ல. அரிசி கழுவுன தண்ணிய ஊத்திக் குடுத்தன். அதைக் குடிச்சித்தான் அந்தப் பிள்ளை செத்துது. அதுக்கு நீ டிகிரி பாக்கலியே!”

ஓபீசருக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன சொல்கிறாள் என்று அப்புசாமியைக் கேட்டார். அவன் காதோடு சொன்னான். ஓபீசர் கவனமாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் அவருக்கு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன்.

“அது சங்கத்தின்டெ பாலல்லல்லோ. சாரமில்ல” என்றார்.

அது சங்கத்துப் பால் இல்லையே, பரவாயில்லை என்கிறார். அப்புசாமி அதையும் தமிழில் சொன்னான், மைக்கிலேயே சொன்னான். குடத்தை நங்கையின் கையில் திணித்தார்கள். முன்வரிசையில் இரண்டு பேர் கைதட்டினார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் நாங்களும் தட்டினோம்.

நங்கை குடத்தோடு மேடையிலிருந்து இறங்கி, நடுவே நடந்து, பந்தலுக்கு வெளியே போனாள். ரங்காத்தாளின் அருகே போய் நின்றாள். இத்தனை வருசத்தில் அவ்வளவு பக்கத்தில் அவர்கள் நின்று நான் பார்த்ததில்லை. வளவுப் பெண்கள் விலகினார்கள். ரங்காத்தாள் விலகவில்லை. அழவும் இல்லை, திட்டவும் இல்லை.

“மேல நின்னு சொன்னது எனக்கு வெளங்கலீங் ஆத்தா” என்றாள். “அப்ப எம் பிள்ளைக்கு ஊத்துனதுல மோரே இல்லீங்களா?”

 நங்கை குடத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“இல்லை” என்றாள்.

“இதை அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதுங்களா? எங்கண்ணன் காசு குடுத்தனுப்பியிருந்தானே, பிள்ளையத் தூக்கீட்டு நா சூரியநெல்லிக்குப் போயிருப்பனுங்களே” என்றாள் ரங்காத்தாள்.

மேடையில் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.